தீப்பெட்டி டெலிபோன்

விருதுநகர் வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலரும் முதன்முதலாகப் பேசிய டெலிபோனுக்கு எண்ணும் கிடையாது, பில்லும் கிடையாது. இரண்டு காலித் தீப்பெட்டி, ஓர் ஆள் உயரத்துக்கு நாலைந்து மடங்கு நூல், ஒடித்த தீக்குச்சித் துண்டு இரண்டு, அவ்வளவுதான் சாமான். உள்பெட்டியின் அடியில் ஊக்கால் ஒரு துளை போட்டு நூலைக் கோத்து, அது உருவிக்கொண்டு வந்துவிடாமல் நுனியில் குச்சித் துண்டைக் கட்டினால் வேலை முடிந்தது. ஒருவன் திண்ணையில், இன்னொருவன் தெருமுனையில். "ஏலே, கேக்குதா?" என்று போட்ட சத்தம் நூல் வழியாகப் போனதா, காற்று வழியாகப் போனதா என்று சண்டை வந்து ஆட்டம் கலைந்துபோவதும் உண்டு.

நூல் வழியாகவும் போகத்தான் செய்யும். அதற்கு நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் எதிலும் உரசக் கூடாது. ஒரு விரலை வைத்து அமுக்கினால் பேச்சு அங்கேயே செத்துவிடும். பேசுகிறவனின் குரல் பெட்டியின் அடித்தகட்டை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு நூலில் ஓடி மறுமுனைத் தகட்டை அதே தாளத்தில் அதிரவைக்கிறது. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் விறைப்பான கம்பி வழியே வெகுதூரத்துக்கு ஒலியை அனுப்பிப் பார்த்ததாக 1665-ல் வெளிவந்த தன் நூலின் முன்னுரையில் எழுதிவைத்தார். மின்சார டெலிபோன் வருவதற்கு இருநூறு வருடங்களுக்கு முந்தைய சங்கதி இது.

இதே வேலையை மின்சாரத்தால் செய்த இன்னொரு பெட்டியும் உண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் பதுங்குகுழிகளுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்த கள டெலிபோன் அது. மரப்பெட்டி, தோள்வார், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. பழம்பொருள் சேர்ப்பவர்கள் கையில் அப்படி ஒன்று கிடைத்தால் மூடியைத் திறக்கும் முன்பே அந்தக் கைப்பிடியைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள். லேசாகச் சுற்றினால் உள்ளே லாட வடிவக் காந்தங்களுக்கு நடுவே ஒரு சுருள் சுழல்கிறது என்று அர்த்தம். இரண்டு முனைத் திருகுகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி சுற்றினால் கைப்பிடி சட்டென்று கனக்க வேண்டும். கனத்தால் மேக்னெட்டோ, அதாவது உள்ளே இருக்கும் சிறு மின்னாக்கி, உயிரோடு இருக்கிறது. கம்பிக்குப் பதிலாக விரல்களை வைத்துப் பார்த்தவர்களுக்கு எழுபது எண்பது வோல்ட் அளவில் பதில் கிடைக்கும். இரண்டாம் தடவை வைக்க மாட்டார்கள்.

மேக்னெட்டோ மணியடிக்க மட்டும்தான். பேச்சுக்குத் தனியாக பேட்டரி. அந்த பேட்டரியின் மூதாதையை 1866-ல் செய்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், ஜார்ஜ் லெக்லாஞ்சே. துத்தநாகம், கரி, மாங்கனீஸ் டை ஆக்சைடு, நவச்சாரக் கரைசல். ஈயம் பூசுகிறவர் பையில் கிடக்கும் அதே நவச்சாரம்தான். பேசும் குமிழுக்குள் கரிக்குருணைகள் இருக்கும். குரல் பட்டு அவை நெருங்கி விலகும்போது மின்னோட்டம் கூடிக் குறைகிறது. ஈரம் ஏறினால் குருணைகள் கட்டிப்போய்விடும். குமிழைத் தட்டித்தான் உதிர்க்க வேண்டும். கையில் பிடித்துப் பேசும் பிடியில் ஓர் அமுக்கு விசையும் வைத்திருந்தார்கள், அதை அமுக்கினால்தான் பேட்டரி வேலை செய்யும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு. குண்டு விழுகிற நேரத்தில் அமுக்க மறந்தவன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பான்.

தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பெட்டி அவ்வளவு அந்நியம் இல்லை. ரயில்வே கேட் அறைகளில் கேட்கீப்பர் கரகரவென்று சுற்றி ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடும் போன் இதற்குப் பங்காளி முறை. விருதுநகரிலிருந்து சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-ல் போட்ட ரயில் பாதை நெடுக, கேட் மூடிக் கிடக்கும்போது சைக்கிளில் சாய்ந்து நின்றவர்கள் அந்தக் கரகரப்பைக் கேட்டிருப்பார்கள்.

கள டெலிபோனுக்கு ஆரம்பத்தில் ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் திரும்பிவரும் வழியாக பூமியையே வைத்துக்கொண்டார்கள். ஓர் இரும்பு முளையைத் தரையில் அறைந்துவிட்டால் போதும். தரை காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பி பாதிக்குப் பாதி மிச்சம். ஆனால் பூமி ரகசியம் காக்காது என்பது 1915-ல் தெரிந்துபோனது. எதிரியும் தன் பக்கத்தில் முளைகளை அறைந்து, மண்ணில் கசிந்து வந்த பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டான். பிறகு இரண்டு கம்பி இழுத்தார்கள், முன்னணிக் குழிகளில் போனில் பேசுவதற்கே கட்டுப்பாடு போட்டார்கள். பேசாவிட்டாலும் கம்பி பிழைக்கவில்லை. குண்டு விழுந்தால் அறுந்தது. ஊர்ந்துபோய் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி அறுந்தது. 1915 மார்ச்சில் நெவ் ஷபேல் என்ற பிரெஞ்சு கிராமத்துக்காக நடந்த சண்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அங்கேயும் கம்பி அறுந்து முன்னால் நடப்பது பின்னால் தெரியாமல்போனது. 1916 ஜூனில் வெர்தன் அருகே வோ கோட்டை முற்றுகையில் சிக்கியபோது பிரெஞ்சுத் தளபதி ரேனால் செய்தியைத் தன் கடைசிப் புறாவின் காலில் கட்டித்தான் அனுப்பினார். பிரெஞ்சுக்காரர்களின் சீருடையில் தமிழர்களும் அந்தப் போருக்குப் போனார்கள். புதுச்சேரி கடற்கரையில் 1938-ல் திறந்த போர் நினைவுச் சின்னம் அவர்களுக்கானது.

இவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உண்டு. கள டெலிபோனை உலகெங்கும் பரப்பிய அந்தப் போர்தான் சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் கொண்டுவந்தது.

சிவகாசியின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக வானத்தைப் பார்த்துத் தொடங்குவார்கள். மழை இல்லை, வெயில் உண்டு, வெள்ளாமை பொய்த்த மானாவாரி நிலம். அதனால் காய்ந்த காற்றை நம்பிய தொழில் வந்தது என்பார்கள். அது சரிதான். ஆனால் மழை பெய்யாத ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சாத்தூரிலிருந்து ராமநாதபுரம் வரை வெயிலுக்கா பஞ்சம்? வெயில் ஆயிரம் வருடமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. தீப்பெட்டி 1923-ல்தான் வந்தது. அந்த வருடத்தைப் புரிந்துகொள்ள வானத்தை விடக் கப்பலைத்தான் பார்க்க வேண்டும்.

1914-க்கு முன்னால் இந்திய வீடுகளில் உரசிய தீக்குச்சி ஸ்வீடன், ஆஸ்திரியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. போர் வந்ததும் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டது. அந்த இடத்தில் ஜப்பான் புகுந்தது. போர் முடிந்ததும் அரசாங்கக் கஜானா காலி. வருமானம் தேடிய பிரிட்டிஷ் அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கான வரியை ஏற்றிக்கொண்டே போய் 1922-ல் குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று நிறுத்தியது. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. சரக்கின் விலையையே விழுங்கும் வரி அது. உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் எண்ணத்தில் போட்டதல்ல. ஆனாலும் வெளிநாட்டுத் தீப்பெட்டி எட்டாத விலைக்குப் போனதும் உள்நாட்டில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்ற நிலை பிறந்தது.

அப்படிச் செய்து பார்க்கப் போனவர்கள்தான் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். 1923-ல் கல்கத்தா போய்ச் சில மாதம் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஏன் கல்கத்தா? அங்கே குடியேறியிருந்த ஜப்பானியர்கள் கையாலும் சிறு எந்திரங்களாலும் தீப்பெட்டி செய்து கொண்டிருந்தார்கள். வங்காளிகள் அவர்களிடம் கற்றார்கள், சிவகாசிக்காரர்கள் வங்காளிகளிடம் கற்றார்கள். சிவகாசியை நேரு 'குட்டி ஜப்பான்' என்றதாக ஊரில் பெருமையாகச் சொல்வது வழக்கம். சுறுசுறுப்பைப் பாராட்டிய பட்டம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தொழில் வந்த வழியைப் பார்த்தால் பட்டம் அதைவிடப் பொருத்தமானது.

முதலில் ஜெர்மனியிலிருந்து எந்திரம் வரவழைத்துப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. கைவேலைக்கு மாறினார்கள். பின்னாளில் தொழில் இரண்டாகப் பிரிந்து, அணில் மார்க் ஒரு வீட்டாருடையது, சேவல் மார்க் இன்னொரு வீட்டாருடையது என்று நாடே அறிந்த பெயர்களாயின. எந்திரத்தைக் கைவிட்டதை ஒரு தோல்வியாகப் பார்க்கலாம். ஆனால் எதிரே நின்ற எதிரி யார் என்று தெரிந்தால் அது எவ்வளவு துணிச்சல் என்பதும் தெரியும்.

அதே 1923-ல் ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் வரிச் சுவரைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தது. வெளியிலிருந்து அனுப்பினால்தானே வரி, உள்ளேயே வந்து செய்வோம் என்று விம்கோவைத் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் உலகத் தீப்பெட்டியின் ராஜா என்று பத்திரிகைகள் அழைத்த இவார் க்ரூகர். நாட்டுக்கு நாடு அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி உரிமையை வாங்குவது அவர் பாணி. பிரான்சில் 1872 முதல் தீப்பெட்டி அரசின் ஏகபோகம். அந்த பிரான்சுக்கே 1927-ல் ஏழரைக் கோடி டாலர் கடன் கொடுத்தார். 1932 மார்ச் 12 அன்று பாரிஸில் தன் அறையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார். கணக்குகளைப் பிரித்தபோது பாதி காற்று. அந்த சாம்ராஜ்யத்தின் எந்திரங்களோடு போட்டி போட்டது, அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஒரு சிற்றூரின் ஓலைக் கொட்டகை.

கொட்டகை பிழைத்ததற்கும் வரிதான் காரணம் என்பது வேடிக்கை. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டிக்குப் பெட்டி ஒரு சிறு காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். ஊர் அதை 'பேண்ட்ரோல்' என்றது. அது நயம் பிரெஞ்சுச் சொல். கம்பத்தில் கட்டும் நீளக் கொடிக்கு அவர்கள் வைத்த பெயர். சிவகாசி தெருக்களில் பிரெஞ்சு பேசியவர்கள் யாரும் இல்லை, ஆனால் இந்த ஒரு சொல்லை எல்லோரும் பேசினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த வரி, எந்திரத் தீப்பெட்டிக்குக் கூடுதல் வரி என்று அரசு வைத்த ஏணிதான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தை ஏற்றிவிட்டது. பெரிய ஆலை வைத்தால் வரி ஏறும், சின்னச் சின்னதாகப் பிரித்தால் குறையும். ஊரெங்கும் சின்ன 'ஆபீஸ்'கள் முளைத்தன.

ஆபீஸ் என்ற சொல்லுக்கு அங்கே வேறு பொருள். "எங்கம்மா ஆபீசுக்குப் போயிருக்கு" என்று அந்தப் பக்கத்துப் பிள்ளை சொன்னால் மேசை நாற்காலியை நினைக்கக் கூடாது. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்று தொழிற்சாலைக்குத்தான் அந்தப் பேர். கேரளத்திலிருந்து லாரியில் வரும் மென்மரத்தைச் சீவிக் குச்சியாக்குவது ஓரிடம். குச்சிகளைச் சட்டத்தில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துவது கட்டை அடுக்குவது. பிறகு மருந்து முக்குவது, காயவைப்பது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது. பெட்டி ஒட்டுவது மட்டும் ஆபீசைத் தாண்டி வீட்டுத் திண்ணைகளுக்குப் போனது. குரோஸ் கணக்கில் கூலி.

அந்தக் காலத்துப் பெட்டியை இன்று கையில் எடுத்துப் பார்த்தால் கள டெலிபோனைப் பார்க்கிற அதே கவனம் தேவைப்படும். அட்டை அல்ல, மரச்சீவல். கீறல் விட்ட இடத்தில் மடித்து, நீலக் காகிதத்தைச் சுற்றி ஒட்டியது. காகிதம் இல்லாவிட்டால் சீவல் விரிந்துவிடும். பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூச்சு, குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் மருந்து. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை சாது, சேர்ந்து உரசினால் தீ. ஸ்வீடன்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செய்த ஏற்பாடு இது. அதற்கு முன்பிருந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி எதில் உரசினாலும் பற்றியது; செய்தவர்களின் தாடை எலும்பையும் தின்றது. அந்த விஷப் பாஸ்பரஸுக்கு மாற்றாகக் குச்சி முனைக்கு வேறு மருந்தை 1898-ல் கண்டவர்கள் பிரெஞ்சு அரசுத் தீப்பெட்டி ஆலையின் செவேனும் காயேனும்.

மரச்சீவல் பெட்டியில் செய்த டெலிபோன்தான் நன்றாகப் பேசும் என்று அதில் விளையாடி வளர்ந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். மெல்லிய, விறைப்பான சீவல் அட்டையை விட நன்றாக அதிரும் என்பதால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

விளையாடி வளர்ந்தவர்கள் என்பதில்தான் ஒரு நெருடல். மதுரைப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் தீப்பெட்டி என்பது காலியான பிறகு கையில் கிடைக்கும் பொம்மை. சிவகாசி வட்டாரப் பிள்ளைக்கு அது நிறையும் முன்பே கையில் கிடைத்தது. விடியும் முன்னே கிராமம் கிராமமாக ஆபீஸ் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். கட்டை அடுக்கச் சின்ன விரல்தான் வேகம் என்று ஒரு சமாதானமும் சொல்லப்பட்டது. 1980-களில் ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. நாடு முழுவதற்குமான தீர்ப்புக்கு சிவகாசிதான் முகவரி. அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறியது உண்மை. ஆனால் அந்தத் தலைமுறையில் தீப்பெட்டி டெலிபோனில் பேச நேரம் கிடைத்தவர்கள் யார், கிடைக்காதவர்கள் யார் என்பது வீட்டுக்கு வீடு வேறு கதை.

பட்டாசுக்கும் ஒரு போர் தேவைப்பட்டது. தீப்பெட்டி மருந்தைக் கொஞ்சம் மாற்றினால் வண்ண மத்தாப்புக் குச்சி வரும். அதிலிருந்து கம்பி மத்தாப்பு, சரவெடி எல்லாம் அடுத்தடுத்த படிகள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றபோது சந்தை திறந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. மயில் மார்க் ஸ்டாண்டர்டு 1942-ல் பிறந்தது. லேபிள் அச்சடிக்க வந்த அச்சகங்கள் காலண்டர், டைரி என்று தனியொரு தொழிலாயின. மூன்று தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தீப்பெட்டியோ மெல்லப் பின்வரிசைக்குப் போனது. 50 காசாக இருந்த பெட்டி 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. பதினான்கு வருடம் அசையாமல் நின்று 2021 டிசம்பர் 1 அன்று இரண்டு ரூபாய் ஆனது.  இடையில் கைவேலையை எந்திரமும் எந்திரத்தை சீன லைட்டரும் துரத்தின.

பட்டாசு செய்யும் பயர் ஆபீஸ் என்பது ஒரு கட்டடம் அல்ல. பொட்டலில் தள்ளித் தள்ளி நிற்கும் சிறு சிறு அறைகள். ஒன்றில் வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. மருந்து கலக்கும் அறை எல்லாவற்றுக்கும் தள்ளி. கிடங்குகளின் மேல் இடிதாங்கி. அதன் செம்புப் பட்டை மண்ணுக்குள் இறங்குகிறது. காய்ந்த கரிசலில் மின்சாரம் எளிதாக இறங்காது என்பதால் அந்தக் குழியில் கரியும் உப்பும் போட்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவார்கள். பிரான்சின் பதுங்குகுழியில் டெலிபோன்காரன் முளையைச் சுற்றி ஊற்றிய தண்ணீரும் இதே கணக்கில்தான்.

அந்த ஆலைகளின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும், பக்கத்திலேயே காவலாளியும் இருப்பார். உள்ளே போகிறவர் சட்டைப்பையைத் துழாவி இரண்டு பொருள்களை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்று தீப்பெட்டி, இன்னொன்று செல்போன்.